பேசின் பிரிட்ஜ் மேட்டில் பல் கடித்த வண்டி

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது நீலமேகத்திடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. முதலாளியம்மாவே கேட்டாலும் வண்டி நின்ற பிறகுதான் பதில் வரும். கழுத்தை முன்னுக்கு நீட்டி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் அந்தச் சாய்வு மாறாது.

"இன்னா மாமு, கழுத்து சுளுக்கா?" என்று வாடகை வண்டி ஓட்டுகிற ரஹீம் கேலி செய்வார்.

"சுளுக்கு இல்ல தோஸ்து. வண்டி இன்னாவோ சொல்லிகினு வருது. கேட்டுகினு வரேன்" என்பார் நீலமேகம்.

கேலி செய்தாலும், தங்கள் வண்டியில் ஏதாவது சத்தம் மாறினால் அதே டிரைவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். வண்டியைத் திறந்து பார்த்துச் சொல்கிறவர்கள் ராயபுரத்தில் பலர் உண்டு. திறக்காமலே சொல்கிறவர் அவர் ஒருவர்தான். அந்தப் பெருமையை அவர் மறைத்துக்கொண்டதும் இல்லை. காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, டிரைவர் வில்லையைப் புளி போட்டுத் துலக்கி மார்பில் குத்திக்கொண்டு, எதிரே வருகிறவர் தானாக ஒதுங்கும்படி தெருவில் நடப்பார்.

அவருடைய அப்பா, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே மசூலா படகு வலித்தவர். கப்பல்கள் நேரே துறைமுகத்துக்குள் வந்து நிற்கத் தொடங்கியதும் படகுக்கு வேலை இல்லாமல் போனது. மகன் துறைமுகத்தில் பாரந்தூக்கிக்கு எண்ணெய் போடும் வேலைக்குச் சேர்ந்தார். ஜெர்மனியோடு பெரிய சண்டை வந்தபோது பஸ்ராவுக்குப் போன பட்டாளத்தோடு லாரி கழுவுகிறவராகக் கப்பல் ஏறினார். திரும்பி வரும்போது லாரி ஓட்டத் தெரிந்தவராகவும், லாரியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவராகவும் வந்தார்.

அதன் பிறகு அவர் ஓட்டியது செல்லக்கனி அம்மாளின் வண்டி. செல்லக்கனி அம்மாள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். புருஷன் இறந்த பிறகு தேங்காய் எண்ணெய் மொத்த வியாபாரத்தைத் தானே எடுத்து நடத்தினார். ராயபுரத்தில் எண்ணெய்க் கிடங்கு. திருவொற்றியூர், எண்ணூர், புளியந்தோப்பு என்று கடை கடையாகப் போய்ப் பேச வேண்டியிருந்ததால் ஓர் அமெரிக்க மோட்டார் வாங்கினார். துணிக் கூரை போட்ட பெரிய வண்டி. ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் இரண்டு குச்சிகள் இருக்கும். ஒன்று பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க. மற்றொன்று தீப்பொறியைக் கொஞ்சம் முன்னால் விழச் செய்யவோ பின்னால் விழச் செய்யவோ. பொறிக் குச்சியைச் சரியான இடத்தில் வைப்பதில்தான் டிரைவரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

அந்த வருஷம் தை மாதம் அம்மாளின் தம்பி வெள்ளத்துரை ஊரிலிருந்து வந்து கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். நீலமேகம் அன்றாடம் சாலையோரத்துப் பம்பில் வண்டியை நிறுத்திப் பெட்ரோல் போடுவதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

"சில்லறையில வாங்குனா அது யாவாரி வீட்டு வண்டியாக்கா? நாளைக்கு பெட்ரோல் டிப்போவுல மொத்தமா எடுத்துப்போடுதேன் பாரு" என்றார்.

சொன்னபடியே ஒரு பார வண்டி நிறையப் பெட்ரோல் டின்கள் வந்தன. எண்ணெய்க் கிடங்கின் தகரக் கூரைக்குக் கீழே, எண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டன. வேண்டும்போது கிடங்குக் காவலாள் மண்ணாங்கட்டி ஒரு டின்னைத் தோளில் வைத்து வண்டிக் கொட்டகைக்குக் கொண்டுவந்து போடுவார். நீலமேகம் அதை வண்டியில் ஊற்றிக்கொள்வார். கிடங்குக்குள் அவருக்கு வேலை இல்லை.

பங்குனி பிறந்து வெயில் ஏறியபோதுதான் அது ஆரம்பித்தது.

நம் பக்கமெல்லாம் கடலோரத் தரை. மேடு என்று சொல்ல பேசின் பிரிட்ஜ் ஒன்றுதான். ரயில் பாதைகளுக்கு மேலே ஏறி இறங்குகிற அந்தப் பாலத்தில், பின் இருக்கையில் அம்மாளும் இரண்டு எண்ணெய் டின்களும் இருக்க, வண்டி ஏறிக்கொண்டிருந்தது. பாதி ஏற்றத்தில் எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தகரத்தட்டில் கோலிக்குண்டுகளைக் கொட்டி ஆட்டினால் எப்படி இருக்கும், அப்படி. மேடு முடிந்ததும் நின்றுவிட்டது.

வெள்ளைக்காரன் கராஜில் இதற்குப் பிங்கிங் என்று பேர். நம் டிரைவர்கள் வண்டி பல்லைக் கடிக்கிறது என்பார்கள். அடைத்து வைத்த பெட்ரோல் புகை, எரிய வேண்டிய விதமாக எரியாமல் வெடித்துச் சிதறுவதால் வருகிற சத்தம் அது. விட்டுவைத்தால் எஞ்சினின் வயிற்றையே ஓட்டை போட்டுவிடும்.

நீலமேகம் பொறிக் குச்சியைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். சத்தம் அடங்கியது. ஆனால் வண்டிக்கு இழுவை இல்லை; மேட்டின் உச்சியில் ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கியது. குச்சியை முன்னுக்குத் தள்ளினால் மறுபடியும் கோலிக்குண்டு.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டார் அம்மாள்.

வண்டியை இறக்கத்தில் நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார். "கரிம்மா. எஞ்சினு மண்டைல கரி புடிச்சுகினு கீது. தொறந்து சொரண்டிட்டா சோக்கா ஓடும்."

அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. பஸ்ராவில் எத்தனையோ லாரிகள் பல் கடித்ததைக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் காரணம் கரிதான். பட்டாளத்தில் பெட்ரோல் டின்னைத் திறந்த நிமிஷமே வண்டியில் ஊற்றிவிடுவார்கள். அதனால் பெட்ரோலைச் சந்தேகப்பட வேண்டிய வேலையே அங்கே அவருக்கு வந்ததில்லை.

அடுத்த நாள் கிடங்கு வாசலிலேயே எஞ்சினின் மண்டையைக் கழற்றினார். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. இரும்பு பட்டால் கீறல் விழும் என்று மூங்கில் சீவலால் கரியைச் சுரண்டினார். உள்ளங்கை நிறையக் கருப்புப் பொடி வந்தது. அதைக் கூட்டத்துக்கு எதிரே நீட்டிக் காட்டி, "இதான் நைனா அந்த திருடன். புடிச்சாச்சு" என்றார். எல்லாவற்றையும் துடைத்துப் பூட்டி, அம்மாளையும் வெள்ளத்துரையையும் ஏற்றிக்கொண்டு பேசின் பிரிட்ஜுக்குப் போனார்.

பாதி ஏற்றத்தில் வண்டி பல்லைக் கடித்தது. முன்பைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் அதே சத்தம்.

கிடங்கு வாசலில் இறங்கியதும், காலையில் வேடிக்கை பார்த்த அதே ஆட்களுக்கு முன்னால் வெள்ளத்துரை ஆரம்பித்தார்.

"யக்கா, நான் சொல்லுதேன், கேளு. ஒரு டின்னுல முன்ன போன தூரம் இப்ப வண்டி போவல. அந்தப் பெட்ரோல் எங்க போவுது? இவன் பாதிய வித்துட்டு மீதிக்கு சீமெண்ணெய ஊத்துதான். சீமெண்ணெய் ஊத்துனா இந்தச் சத்தம் வருமாம். நான் நாலு பேர்ட்ட கேட்டுட்டேன்."

அவர் சொன்னதில் பாதி உண்மைதான். பெட்ரோலோடு மண்ணெண்ணெய் கலந்தால் வண்டி பல் கடிக்கும் என்பது எல்லா டிரைவருக்கும் தெரியும். டிரைவர் என்றாலே பெட்ரோல் விற்கிறவன் என்ற பேச்சும் ஊரில் உண்டு. அப்படிச் செய்கிறவர்களும் இல்லாமல் இல்லை. நீலமேகம் அந்தக் கூட்டத்தில் சேராதவர் என்பதுதான் அவருடைய மொத்தச் சொத்து.

அம்மாள் டிரைவரைப் பார்த்தார். "நீ என்ன சொல்லுத?"

"கரின்னு நெனச்சேன். கரி இல்ல. அது என் தப்பு" என்றார் நீலமேகம். "ஆனா கிருஷ்ணாயில நான் தொடலம்மா."

"அப்ப ஒத்தியூர் கோயில்ல வந்து சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லு" என்றார் வெள்ளத்துரை.

"பொய் சத்தியம் பண்றவன் ஊர்ல எம்மாம் பேரு கீறான் அண்ணாச்சி. நான் பண்ண மாட்டேன். இது வண்டி மேட்டரு. வண்டியவே கேப்போம்."

அம்மாள் நடுவே புகுந்தார். "சரி. கேட்டுச் சொல்லு. ஈஸ்டர் பண்டிகைக்கு முந்தி சொல்லிரு. இல்லன்னா வேற டிரைவர் பாக்க வேண்டியதுதான்."

வேலை போவது ஒரு பக்கம். பெட்ரோல் திருடி வெளியே அனுப்பப்பட்டவன் என்ற பேர் ஒட்டிக்கொண்டால் இந்தப் பட்டணத்தில் வேறு யாரும் அவர் கையில் வண்டியைக் கொடுக்கமாட்டார்கள். அதற்குள் சாயங்காலத்தில் வண்டி நிறுத்தத்தில் பேச்சு பரவிவிட்டது. ரஹீம்கூடக் கேலி செய்யவில்லை. அதுதான் அவருக்கு மிகவும் உறைத்தது.

வீட்டில் மனைவி ராஜாத்தி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த காக்கிச் சட்டையைக் கல்லில் ஓங்கி அடித்தார்.

"எட்த்துருந்தா என் கழுத்துல ஒரு குந்துமணி தங்கமாவது ஏறி இருக்கும்ல. அந்த அண்ணாச்சிய இங்க வந்து பாக்கச் சொல்லு."

"ஒனக்குத் தெரியும்மே. ஊருக்குத் தெரியணுமே."

ராஜாத்தி சட்டையைப் பிழிந்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ஆமா, நீ இப்பல்லாம் பெட்ரோல தொடறதே இல்லியா? முன்ன உன் சட்டய ஊற வெச்சா தண்ணியே மூக்க எரிக்கும். பேஜாரா இருக்கும். இப்ப கொஞ்ச நாளா அந்த நாத்தமே காணோம்."

நீலமேகம் சட்டையை வாங்கி மோந்து பார்த்தார். முந்தின நாள்தான் டின்னிலிருந்து ஊற்றும்போது அந்தச் சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது.

பொழுது விடிந்ததும் நேரே கொட்டகைக்குப் போனார். டின்னில் மிச்சம் இருந்த பெட்ரோலில் கொஞ்சத்தை உள்ளங்கையில் ஊற்றினார். நல்ல பெட்ரோல் என்றால் பனிக்கட்டி வைத்தது போல் சில்லென்று இருக்கும். கண் சிமிட்டுவதற்குள் காய்ந்துவிடும். இது சில்லென்று இல்லை. காயவும் நேரம் பிடித்தது. அப்படியானால் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா என்று ஒரு காகிதத்தில் சில சொட்டு விட்டார். மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். காகிதம் மெதுவாகக் காய்ந்து வெள்ளையாகிவிட்டது. மண்ணெண்ணெய் இல்லை. பெட்ரோல் போலவும் இல்லை. இப்படி ஒன்றை அவர் பார்த்ததே கிடையாது.

சில நாளாகக் காலையில் எஞ்சினை எழுப்ப ஹாண்டிலைக் கை வலிக்கச் சுற்ற வேண்டியிருந்ததும் இப்போது நினைவுக்கு வந்தது. பிளக்கின் மேல் பழியைப் போட்டு அதை விட்டுவிட்டிருந்தார். வண்டி அன்றைக்கே சொல்லியிருக்கிறது. ஊர் சத்தத்தையெல்லாம் கேட்கிறவர் அதைக் கேட்காமல் விட்டுவிட்டார்.

அம்மாளிடம் போய் நின்றார். "நீங்களும் அண்ணாச்சியும் வண்டில குந்துங்கம்மா. பேசின் பிரிட்ஜுக்கு ரெண்டு தபா போய்ட்டு வரலாம். அப்பறம் நீங்க இன்னா சொன்னாலும் கேக்கறேன்."

முதலில் வண்டியின் தொட்டியிலிருந்த பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்தார். கிடங்குக் கூலியாட்கள் ராயபுரத்துப் பம்புக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பம்புக்காரர் கைப்பிடியை ஆட்டி இறைக்க, மேலே கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் ஏறுவதை மூன்று பேரும் பார்த்தார்கள். அதை ஊற்றிய பிறகு, நீலமேகம் பொறிக் குச்சியை எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்துச் சணல் கயிற்றால் கட்டினார்.

"இது எதுக்கு?" என்றார் வெள்ளத்துரை.

"நடுவுல நான் குச்சிய நகத்தி சத்தத்த அமுக்கிட்டேன்னு நீங்க சொல்லக் கூடாது பாருங்க. அதுக்குத்தான் அண்ணாச்சி. முடிச்ச நீங்களே ஒரு தபா இஸ்து பாத்துக்கங்க."

வெள்ளத்துரை இழுத்துப் பார்த்தார். பிறகு வண்டி கிளம்பியது. பேசின் பிரிட்ஜ் மேட்டில் ஏறும்போது கீழே ரயில் எஞ்சின்கள் கூவியதும், பாலத்தில் போன மாட்டு வண்டியின் சலங்கையும் கேட்டன. எஞ்சினிலிருந்து பல் கடிக்கிற சத்தம் வரவே இல்லை. ஏற்றம் முழுவதும் வண்டி ஒரே மூச்சில் ஏறியது.

"பாத்தீங்களாம்மா. எஞ்சினுல ஒண்ணும் இல்ல. கொறை டின்னு பெட்ரோல்ல கீது" என்றார் நீலமேகம், கிடங்கு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு.

வெள்ளத்துரை சிரித்தார். "அதத்தானடே நானும் சொல்லுதேன். டின்னு பெட்ரோல்ல கொறை இருக்கு. அந்த டின்னு யார் கையில இருந்துச்சு? உன் கையில. நீயே உன் வாயால சொல்லிட்ட."

தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்துக் காட்டிய அத்தாட்சியே தன் கழுத்தை நெரிப்பதை நீலமேகம் பார்த்தார். ஆனால் அவர் குரல் இறங்கவில்லை.

"நான் ரெண்டு தபான்னு சொன்னேன் அண்ணாச்சி. ஒண்ணுதான் ஆச்சு. இப்ப நீங்களே கெடங்குக்குப் போங்க. உங்களுக்குப் புடிச்ச டின்ன நீங்களே எடுங்க. நீங்களே தூக்கினு வாங்க. நீங்களே ஊத்துங்க. நான் தூர நின்னுகினு கீறேன்."

வெள்ளத்துரை அப்படியே செய்தார். வரிசையின் கடைசியிலிருந்து ஒரு டின்னை இழுத்து எடுத்து, தானே சுமந்து வந்து, தொட்டியை வடித்துவிட்டுத் தானே ஊற்றினார். வேட்டியெல்லாம் நனைந்தது. நீலமேகம் தெருவின் எதிர்ப்பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குச்சி கட்டினபடியே இருந்தது. மறுபடியும் அதே மூன்று பேர், அதே மேடு.

பாதி ஏற்றத்தில் கோலிக்குண்டுச் சத்தம் கணகணவென்று கேட்டது.

இறக்கத்தில் வண்டியை நிறுத்தியபோது வெள்ளத்துரையின் முகம் மாறியிருந்தது. "அப்ப அந்த டிப்போக்காரப் பய நம்மள ஏமாத்திருக்கான். இப்பமே போயி அவன் கழுத்தப் புடிக்கேன்" என்று எழுந்தார்.

"சும்மா இரு" என்றார் அம்மாள். "ஒருத்தன் கழுத்தப் புடிச்சது போதும்." நீலமேகத்தின் பக்கம் திரும்பினார். "டின்னு நம்ம கெடங்குல இருந்து வந்துச்சு. மொதல்ல அங்க போயிப் பாப்போம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வழக்கமாக அந்த நேரத்தில் அம்மாள் கடைகளைச் சுற்றிக்கொண்டிருப்பார். நீலமேகமும் அவரோடு போயிருப்பார். வெள்ளத்துரை சாப்பிட்டுக் கண் அயர்ந்திருப்பார். கிடங்கில் மண்ணாங்கட்டி மட்டும்தான் இருப்பார். அன்றும் அவர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். தகரக் கூரைக்குக் கீழே அனல் அடித்தது. எண்ணெய் டின்கள் வரிசையின் ஒவ்வொரு திருகு மூடியையும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டே வந்தார். எண்ணெய் வரிசை முடிந்ததும் பெட்ரோல் வரிசைக்கு வந்து அதே மாதிரி தளர்த்தினார். ஒவ்வொரு மூடியும் தளரும்போது புஸ் என்று ஒரு சீற்றம் கேட்டது. கிடங்கு முழுவதும் கண்ணை எரிக்கிற நெடி.

ஒரு தீக்குச்சி கிழித்திருந்தால் அந்தத் தெருவே இருந்திருக்காது. கிடங்குக்குள் யாரும் பீடி பிடிக்கக் கூடாது என்று அம்மாள் வைத்திருந்த கட்டளைதான் இத்தனை நாளும் எல்லாரையும் காப்பாற்றியிருக்கிறது.

"இன்னா பண்ணிகினு கீற மண்ணாங்கட்டி?" என்று நீலமேகம் மெதுவாகக் கேட்டார்.

"டின்னுக்கு மூச்சு வுட்டுகினு கீறேன்பா" என்றார் மண்ணாங்கட்டி, அம்மாளைப் பார்த்துப் பெருமையாக. "வெயிலுக்கு டின்னு வயிறு உப்பிகினு நிக்கிது. எண்ணெ டின்ன வுட இந்த பெட்ரோல் டின்னு ரொம்ப உப்புதும்மா. அதனால இதுக்கு சாயங்காலம் வரிக்கும் தெறந்து வெக்கிறேன். பொழுது சாஞ்சதும் நல்லா முறுக்கி மூடிடுவேன். ஒரு டின்னு வெடிக்கணுமே. வெடிக்காது."

அம்மாள் பக்கத்திலிருந்த பெட்ரோல் டின்னின் மூடியைத் தானே முறுக்கி மூடினார்.

டின்னுக்கு மூச்சு விடுவது அவருடைய சொந்தச் சட்டம். புருஷன் போய் அவர் கிடங்கைக் கையில் எடுத்த முதல் கோடையில் உப்பின எண்ணெய் டின்கள் சில விளிம்பு விட்டு, எண்ணெய் தெருவில் ஓடியது. பொம்பளைக்கு எதற்கு இந்த வியாபாரம் என்று சந்தையில் சிரித்தார்கள். அன்றிலிருந்து, வெயில் நாளில் உச்சி வேளைக்கு எல்லா டின்னுக்கும் மூச்சு விட வேண்டும் என்று கட்டளை போட்டார். அதன் பிறகு அவர் கிடங்கில் ஒரு டின் வெடித்ததில்லை. ராயபுரத்து எண்ணெய் வியாபாரிகள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் தங்கள் கிடங்கிலும் செய்ய ஆரம்பித்தார்கள். அதில் அவருக்கு எவ்வளவோ பெருமை.

"மூச்சு விட்டா என்ன கெடுதல்?" என்றார் வெள்ளத்துரை. அவருக்கு மெய்யாகவே விளங்கவில்லை.

"எண்ணெய்க்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. உள்ள கீற காத்துதான் வெளிய போவுது. எண்ணெ அப்டியே கீது" என்றார் நீலமேகம். "பெட்ரோலுக்கு அந்த மூச்சுதான் உசிரு. டக்குனு தீ புடிக்கிறதும், நல்லா எரியறதும் அதுல தான் கீது. அது ஆவியாப் பறந்துட்டா டின்னுல நிக்கறது சக்கை. அத்த ஊத்தினா காலைல எஞ்சினு எழுந்திருக்காது. மேட்டுல பாரம் ஏறினா பல்ல கடிக்கும். ஒரு டின்னுல போற தூரமும் போவாது. நானும் வேற எங்கயோ தேடிகினு இருந்தேன். எனக்கு இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

மண்ணாங்கட்டி அம்மாளின் பக்கம் ஓடி வந்தார். "நான் நல்லதுக்குத்தான் பண்ணேன்மா. அம்மா சொன்னத..."

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் நீலமேகம். "அவன் வேலைய அவன் ஒழுங்கா பண்ணிகினு கீறான்."

அம்மாள் வாசலுக்கு வந்தார். மூட்டை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள், எதிர்க்கடைக்காரர்கள் எல்லாரையும் கூப்பிடச் சொன்னார். வெள்ளத்துரை தணிந்த குரலில், "யக்கா, உள்ள வச்சே சொல்லிரலாமே" என்றார்.

"வாசல்ல வச்சுத்தான நீ கேட்ட?" என்றார் அம்மாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, கடையில் விலை பேசுகிற அதே குரலில் சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எங்க டிரைவர் பெட்ரோல எடுக்கல. எதையும் கலக்கவும் இல்ல. டின்ன தொறந்து வைக்கச் சொன்னது நான். எண்ணெய்க்குச் சொன்ன புத்திய பெட்ரோலுக்கும் சேத்துச் சொல்லிட்டேன். தப்பு எங்கிட்ட. இத நான் சொன்னதா நீங்க போற எடத்துலயெல்லாம் சொல்லலாம்."

வெள்ளத்துரை நனைந்த வேட்டியோடு நீலமேகத்தின் முன்னால் வந்தார். "நானும் அவசரப்பட்டுட்டேன் டிரைவரே. நீரு மனசுல வச்சுக்கிடாதேயும்" என்றார். அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து 'நீ' போய் முதல் தடவையாக மரியாதை காட்டும் 'நீரு' வந்தது.

"வுடுங்க அண்ணாச்சி" என்றார் நீலமேகம். மார்பில் இருந்த வில்லையை நேராக்கிக்கொண்டார்.

இனி எந்தப் பெட்ரோல் வாங்குவது என்ற பேச்சு வந்தது. மவுண்ட் ரோடு கராஜில் பென்சால் என்ற திரவம் கலந்த பெட்ரோல் விற்கிறார்களாம், அதை ஊற்றினால் எந்த வண்டியும் பல் கடிக்காதாம், விலை கூடினாலும் அதையே வாங்கிவிடலாமா என்று கேட்டார் வெள்ளத்துரை. செய்த தப்புக்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"அது பந்தயத்துக்கு வுடற வண்டிக்கு அண்ணாச்சி. நம்ம வண்டிக்கு பம்புல புதுசா எறச்ச பெட்ரோலே விருந்து" என்றார் நீலமேகம். "மொத்தமாத்தான் வாங்கணும்னா ஒண்ணு ரெண்டு டின்னு வாங்குங்க. மூடிய தொடாம, நெழல்ல, ஈரச் சாக்குப் போத்தி, கெடங்குக்கு வெளிய வெக்கணும். மீதி கீற சக்கய கொஞ்சம் கொஞ்சமா புதுசோட கலந்து, பொறிக் குச்சிய ரவ பின்னால வெச்சு, எண்ணூர் ரோட்டுல ஓட்டித் தீத்துடறேன். அங்க மேடு இல்ல."

"பெட்ரோல் விஷயம் இனி உன் பொறுப்பு. எங்க வாங்கணும், எப்படி வாங்கணும்னு யாரும் உங்கிட்ட கேக்க மாட்டாங்க" என்றார் அம்மாள். ஒரு டிரைவரிடம் பெட்ரோலை முழுவதுமாக ஒப்படைத்த முதலாளி ராயபுரத்தில் வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையை வண்டி நிறுத்தத்தில் பல பேர் பல விதமாகச் சொல்கிறார்கள். ரஹீம் சொல்லும்போது பேசின் பிரிட்ஜ் மலையாகிவிடும். மண்ணாங்கட்டி சொல்லும்போது டின்கள் பாம்பு போலச் சீறும். வேறொருவர், நீலமேகம் கிடங்கு வாசலில் நின்று மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டார் என்பார். நீலமேகம் எதையும் திருத்தமாட்டார். கரி என்று தான் முதலில் தப்பாகச் சொன்னதைச் சேர்த்தாலும் சரி, விட்டுவிட்டாலும் சரி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் வண்டி மேட்டில் சத்தமில்லாமல் ஏறியதோடு யாராவது கதையை முடித்துவிட்டு எழுந்தால் மட்டும் விடமாட்டார். தோளைப் பிடித்து உட்கார வைப்பார்.

"எங்க எழுந்துக்கற? குந்து. அம்மா வாசல்ல நின்னு இன்னா சொன்னாங்கன்னு யாரு சொல்றது? அத்த சொல்லிட்டுப் போ."